கமெண்டம்: ஐரோப்பியத் திருச்சபை வரலாற்றைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய வரலாற்றில் 'கமெண்டம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே ஊழல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஆயர் இல்லாத மறைமாவட்டத்தையோ தலைவர் இல்லாத துறவு மடத்தையோ, புதியவர் வரும்வரை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவைக்கும் ஏற்பாடு அது. நம் அரசு அலுவலகங்களில் 'கூடுதல் பொறுப்பு' என்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், படையெடுப்புக்குத் தப்பி வந்த ஆயர்களுக்கு திருத்தந்தை முதலாம் கிரகோரி காலியான இடங்களை இப்படித்தான் கொடுத்தார். 1274இல் லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம், பங்குக் கோயில்களுக்கு இதை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்றது. 'புதியவர் வரும்வரை' என்பது 'ஆயுள்வரை' என்று மாறிய பிறகுதான் வினை.

அப்படி வந்த தலைவரே மடத்தை நடத்தினார் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலும் அவர் துறவியே இல்லை. ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ், மணவுறவுக்கு வெளியே பிறந்த தன் மகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு 1538இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடத்தின் தலைமையை வாங்கிக் கொடுத்தார். பையனுக்கு அப்போது ஏழு வயது இருக்கும்! இத்தகைய மடங்களில் ஜெபமும் ஒழுங்கும் உள்ளேயே வாழ்ந்த துணைத் தலைவரின் பொறுப்பு. பிரான்சில் வருமானத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தலைவருக்கு ஒன்று, துறவிகளுக்கு ஒன்று, பழுதுபார்ப்பு முதலிய செலவுக்கு ஒன்று. அந்த மூன்றாம் பங்கும் பெரும்பாலும் தலைவர் கையில்தான். மடத்துக் கூரை ஏன் ஒழுகியது என்று அதிகம் யோசிக்க வேண்டாம்.

அப்புறம், பழியை ரோமின் மீது, அதாவது திருத்தந்தையின் மீது மட்டும் போடுவது. 1516இல் திருத்தந்தையும் பிரெஞ்சு மன்னரும் செய்த போலோஞ்ஞா உடன்பாட்டின்படி, பிரெஞ்சு மடங்களுக்குத் தலைவரை முன்மொழியும் உரிமை மன்னருக்குப் போனது. கஜானாவைத் தொடாமல் அமைச்சர்களுக்குச் சம்பளம் கொடுக்க இதைவிட வசதியான வழி ஏது? அமைச்சர்கள் ரிஷ்லியுவும் மசாரினும் க்ளூனி மடத்தின் தலைவர்களாக இருந்தது இப்படித்தான்.

16ஆம் நூற்றாண்டில் ரோமைவிட்டுப் பலர் பிரிந்த திருச்சபைச் சீர்திருத்தத்தோடு இது ஒழிந்தது என்று எழுதுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இங்கிலாந்தில் ரோமோடு உறவு முறிந்த பிறகும் ஆயர்கள் கூடுதல் பதவிகளை இதே பெயரில் வைத்திருந்தார்கள். அப்படிக் கொடுக்க மன்னருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி 1616இல் ஒரு வழக்கில் எழுந்தது. தன்னைக் கலந்துபேசும்வரை விசாரணையை நிறுத்தச் சொன்னார் முதலாம் ஜேம்ஸ். மற்ற நீதிபதிகள் பணிந்தார்கள். தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் பணியவில்லை. அந்த ஆண்டே அவர் பதவி போனது. கமெண்டமோ 1836வரை நீடித்தது.

இப்படிப் பதவி பெற்றவர்கள் எல்லோரும் உறிஞ்சிகளும் அல்லர். சிறுவயதிலேயே பிரான்சின் லா த்ராப் மடத்தின் வருமானத்தைப் பெற்ற ரான்சே, 1664இல் தானே துறவியாக அங்கே போய் அமர்ந்து மடத்தைச் சீர்திருத்தினார். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, கமெண்டம் வழியாக வெனிஸ் மடம் ஒன்றைப் பெற்றிருந்த லுதோவிக்கோ பார்போ, பின்னர் பதுவாவின் சாந்தா ஜுஸ்தீனா மடத்தில் துறவிகளோடு சேர்ந்து ஆயுள்காலத் தலைமையையே ஒழித்தார். குறுகிய காலத் தலைவர்களை மடங்களின் பொதுப்பேரவை நியமித்தது. ஆயுள் பதவியே இல்லாத மடத்தில் வெளியாருக்குத் தூக்கிக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.