காரை எடுக்கும் முன் 10 நிமிடம்: இருக்கை, பெல்ட், ஹெட்ரெஸ்ட் சரிசெய்யும் முறை

ஏர்பேக் இரண்டா ஆறா என்று துருவித் துருவி விசாரித்து கார் வாங்குபவர்கள்கூட ஹெட்ரெஸ்ட்டை, அதாவது இருக்கையின் மேலே உள்ள தலைத்தாங்கியை, ஒருமுறையாவது உயர்த்திப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். உள்ளே இருப்பவர் பெல்ட் போட்டு, சரியான தூரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற கணக்கில்தான் ஏர்பேக் முதல் எல்லாமே வடிவமைக்கப்படுகின்றன. அந்தக் கணக்கு பிசகினால் காசு கொடுத்து வாங்கிய வசதியே காயப்படுத்தலாம்.

தேவை ஓர் அளவு டேப் மட்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். இருக்கையைக் கடைசியில் நகர்த்தினால் மற்ற அளவெல்லாம் வீண்.

படி 1: இருக்கையும் ஸ்டீயரிங்கும்

இடுப்பு இருக்கையின் பின்மூலையில் ஒட்டும்படி உட்காருங்கள். பிரேக் பெடலை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். விறைப்பாக நீட்டிய கால், மோதும்போது அடியை நேராக இடுப்பு எலும்புக்குக் கடத்திவிடும். அடுத்து, முதுகை எடுக்காமல் கையை நீட்டுங்கள். மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் பட வேண்டும்.

இப்போது டேப்பை எடுங்கள். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். முன்பக்க ஏர்பேக் ஏறத்தாழ 30 மில்லி விநாடியில் விரிந்துவிடும். கண் சிமிட்டக்கூட அவ்வளவு குறைந்த நேரம் போதாது. அந்த வேகத்தில் வரும் பையை ஒட்டி உட்கார்ந்திருந்தால் அடி அதிலிருந்தே விழும். உயரம் குறைந்தவர்களுக்குப் பெடலும் எட்ட வேண்டும், இந்த இடைவெளியும் வேண்டும். அவர்கள் இருக்கையை உயர்த்தி, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னே சாய்த்து, ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளிப் பார்க்கலாம். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி முகத்தை நோக்கி இல்லாமல் நெஞ்சை நோக்கி இருக்கட்டும்.

படி 2: ஹெட்ரெஸ்ட்

இதைத் தலையணை என்று நினைப்பதால்தான் யாரும் தொடுவதில்லை. பின்னாலிருந்து வண்டி இடித்தால் இருக்கை உடலை முன்னே தள்ளும், தலை மட்டும் பின்தங்கும், கழுத்து ஒடிவதுபோல் வளையும். ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்தில் நிற்கட்டும். பின்தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 5 செ.மீ. அளவில் இருந்தால் நன்று.

படி 3: சீட் பெல்ட்

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். கையை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அங்கே எடுபடாது.

போடும் முறை: பட்டையில் முறுக்கு இல்லாமல் இழுத்து, பக்கிளில் 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இரு இடுப்பு எலும்புகளின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். வயிற்றில் கிடந்தால் அழுத்தம் குடலுக்கும் ஈரலுக்கும் போகும். மேல்பட்டை தோளின் நடுவிலும் நெஞ்சின் நடுவிலும் செல்லட்டும். கழுத்தில் உரசினால் பக்கத் தூணில் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பிடியை இறக்குங்கள். அக்குளுக்குக் கீழே நுழைத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக மேல்பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே முறைதான்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், மேல்பட்டை மார்புகளுக்கு நடுவில்.

சோதனை: பட்டையைச் சட்டென்று வெடுக்கென இழுங்கள். பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டாலோ, விளிம்பு நைந்திருந்தாலோ மாற்றுங்கள். பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியதே.

எச்சரிக்கை ஒலியை அடக்கப் பக்கிளில் வெறும் கிளிப்பைச் செருகுவது இருக்கிறதே, அது பெரிய ஆபத்து. பல கார்களில் பெல்ட் போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் ஏர்பேக்கை விரிக்கும் முடிவு எடுக்கப்படுகிறது. கிளிப்பைச் செருகி அந்தக் கருவியிடம் நாமே பொய் சொல்கிறோம்.

படி 4: பின்சீட்டும் குழந்தைகளும்

பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன்சீட்டின் மேல் எறியப்படுவார். அதாவது பெல்ட் போட்ட ஓட்டுநரும் சேர்ந்தே நசுங்குவார். "உங்களுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகப் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். எல்லாரும் போடும்வரை வண்டியை நகர்த்தாத ஓட்டுநருக்கு அதைக்கூடச் சொல்ல வேண்டியிராது.

குழந்தையை மடியில் வைப்பது பாதுகாப்பு அல்ல. மோதலில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கியிலோ (குழந்தை இருக்கையை மாட்டவென்றே கார் இருக்கையில் பொருத்தப்பட்டிருப்பது) பெல்ட்டிலோ மாட்டியபின், மாட்டிய இடத்தருகே பிடித்து ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் செயல்பாட்டில் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

படி 5: விளக்கும் பிரேக்கும்

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் சரி, எரியவே இல்லையென்றாலும் சரி, பணிமனைக்குக் கொண்டுபோங்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறு துணிப்பட்டை தைத்திருந்தால், அதை மூடும் சாதாரண உறை போடாதீர்கள்.

ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அவசரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதித்து, அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பெடல் காலடியில் தடதடவென அதிரும். அதைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடுபவர்கள் பலர். ஆளில்லாத திறந்த மைதானத்தில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, 30 கி.மீ. வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். கால் அந்த அதிர்வுக்குப் பழகிவிடும்.