முதல் வாரத்திலேயே நூலகம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுங்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு முறையாவது நூலகத்தைப் பயன்படுத்தியவர்களின் மதிப்பெண் சராசரி உயர்ந்திருந்தது. அடுத்த பருவத்துக்குத் தொடர்ந்தவர்களும் அவர்களில் அதிகம். நூலகம்தான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் காசு செலவில்லாத முயற்சி இது.

நூலகரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். பழைய வினாத்தாள் கட்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எந்தப் பகுதியிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள் என்பது அதைப் புரட்டினாலே பிடிபடும். பாடத்துக்கு ஓர் எண் கொடுத்து நூல்களைப் பிரிக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் 330 பொருளாதாரம், 510 கணிதம், 540 வேதியியல். உங்கள் பாடத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் நேரே அலமாரிக்குப் போகலாம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் மலைப்பாக இருக்கும். அதே அலமாரியில் எளிய நடையில் எழுதிய வேறொரு ஆசிரியரைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், நூலகத்தின் பெரிய வரமே அதுதான்.

கல்லூரி மாணவர்களுக்கு இணையத்தில் மின்னூல்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருந்தால் பயனர் கணக்கு கேட்டு வாங்குங்கள். மின்னூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் இருக்கிறது.