பெட்டி கட்டும் வாரத்தில் தடுப்பூசியா? நாள் கணக்கில் நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து ஓராண்டு, ஈராண்டுக்கு வெளிநாடு கிளம்புகிறவர்களில் பலருக்குப் பெட்டி கட்டும்போதுதான் தடுப்பூசி ஞாபகம் வருகிறது. அப்போது பணம் இருந்தாலும் நாள் இருக்காது. டைபாய்டு ஊசியைப் புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டாக வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிடிஸ் பி நோய்க்கான ஊசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மலேசியாவில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் "சின்ன வயசிலேயே எல்லாம் போட்டாச்சு" என்று இருந்துவிடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்களுக்கு இது முக்கியம். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொண்டால் செல்லாது. அங்கீகரித்த மையமாக இருக்க வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சான்றிதழ்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா, தேதி, மருந்தின் பேட்ச் எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் உண்டா? நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் இதைக் கேட்பார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள், அறுபதைக் கடந்தவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் ஊசியும் அந்த வகைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இரண்டு தவணை கேட்கும். நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வாரம் தள்ளிப் போட வேண்டும். அடுத்த வாரம் வந்து போட்டுக்கொள்வதுதான் தவறு.

மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, மலேரியா உள்ள இடத்தை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் படுப்பவர்கள் உண்டு. மாத்திரையை ஒரு முழு குவளைத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும்.

இனிப்புநீர், ரத்த அழுத்த மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அசல் பெட்டியோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கொண்டு போங்கள். வெறும் பிராண்டு பெயரை வைத்து வெளிநாட்டு பார்மசியில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஜப்பானுக்குப் போகிறவர்கள் கவனிக்க: மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு மேற்பட்டால் முன் அனுமதி வாங்க வேண்டும். மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அங்கே தடையே உண்டு.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம். ஐஸ் பொதியின் மேல் நேராக வைக்காமல் சின்னத் துண்டில் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் உதவாது, வீசிவிட வேண்டியதுதான்.