உறைபெட்டியின் அடித்தட்டில் கிடந்த குழாய்

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியைத் துப்புரவு செய்தபோது, ‘புரோமோட்டர் புதியது 2’ என்று பேனாவால் எழுதிய குழாய் ஒன்று அகப்பட்டது. கையெழுத்து என்னுடையது. டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தால், உள்ளே இருந்தது டெர்மினேட்டர்! மரபணு வாசிப்பைத் தொடங்கி வைப்பது புரோமோட்டர்; முடித்து வைப்பது டெர்மினேட்டர். நோய்ப் பூஞ்சைகளை ஆராயும் சில ஆய்வகங்கள் சேர்ந்து மரபணுப் பாகங்களுக்கு ஒரு பொதுக் களஞ்சியம் அமைக்க விரும்பினால், முதலில் என்னைப் போன்றவர்களைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

பெயரில் பொருளை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் வெறும் எண் போதும்; விவரமெல்லாம் அட்டவணையில் இருக்கட்டும். நீக்கிய பாகத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது இணைப்பு. டி.என்.ஏ. துண்டுகளை வெட்டி ஒட்டும் கோல்டன் கேட் முறையில் பி.எஸ்.ஏ.-1 என்ற நொதி தான் அடையாளம் காணும் இடத்துக்கு வெளியே வெட்டி, முனையில் நான்கு எழுத்துள்ள ஒற்றை இழை நீட்டத்தை விட்டுவைக்கிறது. எதன் பக்கத்தில் எது அமரும் என்பதை அந்த நான்கு எழுத்துகளே முடிவு செய்கின்றன. ஆகவே முதல் பாகத்தைச் செய்யும் முன்பே எல்லோரும் அவற்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பாகத்தின் உள்ளேயே ஜி.ஜி.டி.சி.டி.சி. என்ற அடையாளம் இருந்தால் நொதி அதையும் வெட்டிவிடும். புரதம் மாறாதபடி ஓர் எழுத்தை மாற்றுவது வழக்கம். மூன்று மூன்று எழுத்தாக வாசித்தே புரதத்தின் ஒவ்வொரு அமினோ அமிலமும் சேர்க்கப்படுகிறது. கடைசி மூன்றான சி.டி.சி.யை சி.டி.ஜி. ஆக்கினால் பேக்கரி ஈஸ்ட்டில் இரண்டுமே லூசின் என்ற அமினோ அமிலம்தான். காண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையிலோ சி.டி.ஜி. பெரும்பாலும் செரின் என்ற வேறு அமினோ அமிலமாக வாசிக்கப்படும். திருத்தம் என்று நினைத்துச் செய்தது புரதத்தைக் குலைத்துவிடும். அதனால் அட்டவணையில் ‘எந்தப் பூஞ்சையில் வேலை செய்தது’ என்று ஒரு கட்டம் வையுங்கள். ‘எதில் செய்யவில்லை’ என்பதற்கும் ஒன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது.

பாகம் ஏறிய செல்களை மட்டும் பிரித்தெடுக்க உதவும் மரபணுக்களான தேர்வுக் குறிப்பான்களில் நான் பிடிவாதக்காரன். நோயாளிக்குத் தரும் ஃப்ளூகோனசோல் போன்ற மருந்தை எதிர்க்கும் மரபணுவைக் களஞ்சியத்தில் ஏற்க மாட்டேன். நோயாளிக்குத் தராத நோர்சியோத்ரிசின் என்ற மருந்துக்கான எதிர்ப்பு மரபணு இருக்கும்போது அதற்கு என்ன தேவை? நோய் வீரியத்தோடு தொடர்புடைய மரபணுக்களுக்கும் இடமில்லை. புதிய பாகம் எதுவானாலும் முதலில் பேக்கரி ஈஸ்ட்டில் சோதியுங்கள். உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி எண்ணையும் அதே வரியில் எழுதுங்கள்.

சேமிப்பு எளிது. பாகத்தைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட்டைத் தாங்கிய ஈ.கோலை பாக்டீரியாவைக் கிளிசராலில் கலந்து, இரண்டு குழாய்களாக, இரண்டு வேறு உறைபெட்டிகளில் வையுங்கள். முழு வரிசையையும் படித்துச் சரிபார்க்காத எதுவும் உள்ளே போகக் கூடாது. வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

என் குழாய்க்கு இப்போது எண் 41. குறிப்புக் கட்டத்தில் ‘பழைய லேபிள் தவறு’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறேன்.