பெற்றோருக்கு கேர்ஷீல்டு லைஃப் பணம் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

மருத்துவமனைக் கட்டணத்துக்கு மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்கும். வீட்டில் குளிப்பாட்டவும் தூக்கி உட்கார வைக்கவும் ஆகும் செலவுக்கு அது வராது. சிங்கப்பூரில் அதற்கென்றே உள்ள நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டங்கள் கேர்ஷீல்டு லைஃப், அதற்கு முந்தைய எல்டர்ஷீல்டு இரண்டும்.

1. எந்தத் திட்டம் என்று பாருங்கள். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு கேர்ஷீல்டு லைஃப் கட்டாயமில்லை. அதனால் பெற்றோர் பலர் இன்னும் எல்டர்ஷீல்டில்தான் இருக்கிறார்கள். அதில் மாதம் 300 வெள்ளி 60 மாதம் வரை, அல்லது 400 வெள்ளி 72 மாதம் வரை கிடைக்கும். கேர்ஷீல்டு லைஃப் 2020இல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி வருகிறது. உடல்நிலை அப்படியே இருக்கும்வரை ஆயுள் முழுவதும் வரும். கேர்ஷீல்டு லைஃப் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசு மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாக நுழைந்தால் எந்தத் திட்டம் என்பது தெரிந்துவிடும்.

2. தகுதியைக் கணக்கிடுங்கள். குளிப்பது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, வீட்டுக்குள் நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றையாவது இன்னொருவர் உதவியின்றிச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். ‘சாப்பிடுவது’ என்றால் தட்டில் வைத்த உணவை உண்பது. சமைப்பது கணக்கில் வராது. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு தானே நடந்துவிட்டால் அதை உதவி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

3. மதிப்பீடு. சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்தான் பார்க்க வேண்டும். அவருடைய மருந்தகத்துக்கு (கிளினிக்) நீங்கள் போனால் 100 வெள்ளி, அவர் வீட்டுக்கு வந்தால் 250 வெள்ளி. முதல் மதிப்பீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியதில்லை. நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கே வரவழையுங்கள். கழிப்பறைப் படியில் கால் தூக்க முடியாமல் நிற்பதை மதிப்பீட்டாளர் நேரிலேயே பார்த்துவிடுவார்.

விண்ணப்பம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெளியாள் எதிரே உட்கார்ந்ததும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். “தனியாகக் குளிப்பீர்களா ஐயா?” என்று கேட்டால், “எல்லாம் நானே பார்த்துக்குவேன்” என்று பதில் வரும். காலையில்தான் இரண்டு பேர் பிடித்து எழுப்பியிருப்பார்கள். அது பொய்யில்லை, மானப் பிரச்சினை. அவர் முன்னால் மறுத்துப் பேசி அவரைச் சிறுமைப்படுத்த வேண்டாம். முதல் நாளே, “அப்பா, முடியாததைச் சொன்னால்தான் உதவி கிடைக்கும்” என்று பக்குவமாகச் சொல்லி வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் தனியாகப் பேசவும் நேரம் கேளுங்கள்.

ஒரு வாரக் குறிப்பு எழுதி வைப்பது மிகவும் உதவும். ‘உதவி தேவை’ என்று எழுதினால் போதாது. ‘இரவு 3 மணி, கழிப்பறை, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம், சுத்தம் செய்ததும் நாங்களே’ என்ற அளவுக்கு எழுதுங்கள். இதற்கெல்லாம் செயலி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமே நல்லது. பணிப்பெண்ணும் அதில் எழுதலாம். மதிப்பீட்டின்போது அன்றாடம் தூக்கி இறக்குபவரே பக்கத்தில் இருக்கட்டும். வார இறுதியில் மட்டும் வந்து போகும் பிள்ளைக்கு அந்த விவரம் தெரியாது. மருத்துவமனை விடுவிப்புக் கடிதம், இயன்மருத்துவர் அறிக்கை, மருந்துப் பட்டியல் மூன்றையும் மேசையில் தயாராக வையுங்கள்.

4. விண்ணப்பம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் (ஏஐசி) இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாக அனுப்பலாம். குழப்பமாக இருந்தால் 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

பின்னர் சேர்த்தது: தனியார் நிறுவனத்தில் கூடுதல் காப்புறுதி எடுத்திருந்தால் அந்த நிறுவனத்தையும் மறக்காமல் தொடர்புகொள்ளுங்கள். பலர் அடிப்படைத் தொகை வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பணிப்பெண் வைத்திருப்பவர்கள் அவருக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை சலுகை விகிதமான 60 வெள்ளிதானா என்றும் பாருங்கள்; வழக்கமான 300 வெள்ளியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

நினைவாற்றல் குறையத் தொடங்கியிருந்தால் எல்பிஏ பத்திரத்தை (தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரம்) தள்ளிப்போடாதீர்கள். முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதுதான் அதில் கையெழுத்திட முடியும்.