நீட் எம்டிஎஸ்: பேசிக் சப்ஜெக்ட்ஸ்ல தயவுசெஞ்சு இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

பிடிஎஸ் இன்டர்ன்ஷிப் முடிச்சுட்டு, பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எம்டிஎஸ்க்கு உட்கார்ற ஜூனியர்ஸ் நிறைய பேர் டவுட் கேட்டு வர்றாங்க. அவங்க படிக்கிற விதத்தைப் பார்த்தா எங்க பேட்ச் பண்ண தப்பெல்லாம் அப்படியே திரும்ப நடக்குது. டைம்டேபிள் போடு, போனைத் தூக்கி ஓரமா வைன்னெல்லாம் சொல்லப் போறதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர்ல படிச்ச அனாட்டமி, பிசியாலஜி, பேத்தாலஜி, ஃபார்மா, மெட்டீரியல்ஸ் மாதிரி பேசிக்ஸ்ல மார்க் எங்க போகுதுன்னு மட்டும் சொல்றேன்.

"எம்பிபிஎஸ்காரங்க சப்ஜெக்ட் தானே"ன்னு கடைசிக்குத் தள்றது

மொத்தம் 240 கேள்வியில 100 பார்ட் ஏ, அதாவது இந்த பேசிக்ஸ்; மீதி பார்ட் பி, கிளினிக்கல் சப்ஜெக்ட்ஸ். 960 மார்க்ல 400 அங்கதான் இருக்கு. கடைசி மாசத்துல பார்த்துக்கற விஷயமா இது?

விடையை மட்டும் படிக்கிறது

இதைப் பத்திதான் கொஞ்சம் நீளமா பேசணும், ஏன்னா இன்னைக்கும் யாராவது இப்படிப் படிக்கிறதைப் பார்த்தா எனக்குக் கோவம் வருது. எம்சிக்யூ (நாலு ஆப்ஷன்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற கேள்வி) புக்கை எடுக்கறது, கேள்வியைப் படிக்கிறது, கீழ விடை 'சி'ன்னு பார்க்கறது, ஹைலைட்டர் போடறது, அடுத்த கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு கேள்வி முடிச்சேன்னு கணக்கு வேற.

ஒரு ஜூனியர் பொண்ணு, நல்ல புத்திசாலி, புக் முழுக்க மஞ்சள் கலர்தான். நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு டேஸ்ட் எந்த நெர்வ்னு கேட்டேன். நான் முடிக்கிறதுக்குள்ள "கார்டா டிம்பனி"ன்னு வந்துருச்சு. சரிம்மா, அதே இடத்துல சூடு பட்டா, கடிச்சுக்கிட்டா, அந்த வலி எது வழியா போகும்னு கேட்டேன். "அதுவும் கார்டா டிம்பனி தானேக்கா?" இல்லை, அது லிங்குவல் நெர்வ். சர்கம்வாலேட் பாப்பில்லாவுக்கு (நாக்குல பின்னாடி வரிசையா இருக்கற பெரிய மொட்டுகள்) டேஸ்ட் எதுன்னு கேட்டா மறுபடியும் கார்டா டிம்பனி, ஏன்னா அது சல்கஸ் டெர்மினாலிஸுக்கு (நாக்கை முன்பக்கம், பின்பக்கம்னு பிரிக்கிற பள்ளம்) முன்னாடிதானே இருக்கு. இருக்கறது முன்னாடிதான், ஆனா சப்ளை குளோசோஃபாரிஞ்சியல். எக்ஸாம்ல கை வைக்கிறதே இந்த மாதிரி இடத்துலதான்.

அந்தப் பொண்ணு படிக்கலைன்னு சொல்ல முடியாது, ராத்திரி பகலா படிக்குது. படிச்சதுல காரணம் இல்லை, அவ்வளவுதான். நாக்கு எப்படி உருவாகுதுன்னு ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தா இது எதையுமே தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம். முன்பக்க மியூகோசா (மேல் தோல்) ஃபர்ஸ்ட் ஆர்ச்ல (கருவுல முகமும் கழுத்தும் உருவாகற வளைவுகள்ல முதலாவது, ஒவ்வொரு வளைவுக்கும் தனி நெர்வ்) இருந்து வருது, அதனால ஜெனரல் சென்சேஷனுக்கு (தொடுதல், சூடு, வலி) ட்ரைஜெமினலோட லிங்குவல். பின்பக்கம் தேர்ட் ஆர்ச், அதனால குளோசோஃபாரிஞ்சியல். மசில்ஸ் ஆக்ஸிபிட்டல் சோமைட்ல (கருவுல தலைக்குப் பின்பக்கம் இருக்கற திசுக்கட்டிகள்) இருந்து வருது, அதனால ஹைப்போகுளோசல், பலாட்டோகுளோசஸ் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு வேகஸ் வழியா ஃபாரிஞ்சியல் பிளெக்ஸஸ். கார்டா டிம்பனி ஃபேஷியல் நெர்வோட கிளை, இன்ஃப்ராடெம்போரல் ஃபாஸாவுல வந்து லிங்குவலோட சேர்ந்துக்குது.

இந்தக் கடைசி வரியை வச்சே ரெண்டு கிளினிக்கல் கேள்விக்கு பதில் சொல்லலாம். கீழ் விஸ்டம் டூத் எடுக்கும்போது லிங்குவல் நெர்வ் அடிபட்டா உணர்ச்சியோட டேஸ்ட்டும் போகும், ஏன்னா அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள கார்டா டிம்பனி சேர்ந்தாச்சு. இன்ஃபீரியர் ஆல்வியோலார் பிளாக் போடும்போது ஊசி ரொம்பப் பின்னாடி போய் ஃபேஷியல் நெர்வ் போற பரோட்டிட் சுரப்பியில மருந்து இறங்கினா முகம் ஒரு பக்கம் தற்காலிகமா கோணிக்கும், ஆனா டேஸ்ட் போகாது, ஏன்னா ஃபேஷியல் நெர்வ் ஸ்டைலோமாஸ்டாய்ட் ஃபோராமென் வழியா வெளிய வர்றதுக்கு முன்னாடியே கார்டா டிம்பனி பிரிஞ்சு போயிடுது. ஃபர்ஸ்ட் இயர் எம்ப்ரியாலஜி, பார்ட் பி-ல ஓரல் சர்ஜரிக்கு மார்க் வாங்கித் தருது.

அதனால ஒவ்வொரு எம்சிக்யூவுக்கும் மீதி மூணு ஆப்ஷன் எந்தக் கேள்விக்கு விடையா இருக்கும்னு எழுதுங்க. நூறு கேள்வி ஓட்டுற நேரத்துல முப்பதுதான் முடியும், முடியட்டும். வாட்ஸ்அப்ல சுத்துற ரீகால் பிடிஎஃப்ல (எழுதிட்டு வந்தவங்க ஞாபகத்துல இருந்து தொகுத்த கேள்விகள்) ஆன்சர் கீயே தப்பா இருக்கிறதும் உண்டு, காரணம் தெரியாம படிச்சா அந்தத் தப்பும் சேர்ந்து மண்டையில ஏறிடும்.

மெட்டீரியல்ஸை வெறும் நம்பரா மனப்பாடம் பண்றது

பல் மாடல் செய்யற பிளாஸ்டருக்கு வாட்டர் பவுடர் ரேஷியோ 0.45-0.50, ஸ்டோனுக்கு 0.28-0.30, டை ஸ்டோனுக்கு 0.22-0.24. வாரா வாரம் மறந்து வாரா வாரம் படிக்கிறாங்க. மூணுமே கால்சியம் சல்ஃபேட் ஹெமிஹைட்ரேட்தான், வித்தியாசம் துகள்ல. பிளாஸ்டர் துகள் ஒழுங்கில்லாம ஓட்டை ஓட்டையா இருக்கும், அதிகத் தண்ணி குடிக்கும். ரியாக்‌ஷனுக்குத் தேவையோ 100 கிராமுக்கு 18.6 மில்லிதான், மீதித் தண்ணி காய்ஞ்சு போற இடமெல்லாம் துளை, அதனால ஸ்ட்ரெங்த் கம்மி. இது புரிஞ்சா எது பெரிய நம்பர், எது சின்ன நம்பர்னு குழப்பமே வராது. பல் அடைக்கிற அமால்கமும் அப்படித்தான்: காமா-2 ஃபேஸ் (டின்னும் மெர்குரியும் சேர்ந்தது)தான் வீக், அரிக்கிறதும் அதுதான். ஹை காப்பர்ல டின் போய் காப்பரோட சேர்ந்துக்கறதால காமா-2 கிட்டத்தட்ட இல்லாமயே போயிடுது.

லோக்கல் அனஸ்தீசியாவை ஃபார்மால மட்டும் படிக்கிறது

மரத்துப் போக வைக்கிற லிக்னோகெயினோட பிகேஏ (மருந்துல பாதி பேஸ் வடிவத்துல இருக்கற பிஎச்) 7.9னு எல்லாரும் சொல்றாங்க. பிஎச் 7.4ல கால்வாசிதான் பேஸ் (சார்ஜ் இல்லாத) வடிவத்துல இருக்கும், நெர்வ் ஷீத்தைத் தாண்டிப் போறது அதுதான், இன்ஃபெக்‌ஷன் இருக்கிற இடத்துல பிஎச் இறங்கினா அதுவும் குறையும்னு சொல்லத் தெரியணும். ஆப்செஸ் இருக்கிற பேஷன்ட்டுக்கு ஏன் மரத்துப் போகலைன்னு ஓபி-ல பார்த்திருப்பீங்களே, அதேதான்.

பல் நம்பர்

எஃப்டிஐ முறையில 14 வலது மேல் ஃபர்ஸ்ட் பிரிமோலார். யுனிவர்சல்ல 14 இடது மேல் ஃபர்ஸ்ட் மோலார். எந்த முறைன்னு பார்த்துட்டு விடையைத் தொடுங்க.

நெகட்டிவ் மார்க்குக்கு பயந்து காலியா விடறது

சரின்னா 4, தப்புன்னா 1 குறையும், நாலு ஆப்ஷன். கண்ணை மூடிட்டு அடிச்சாக்கூட சராசரியா கால் மார்க் லாபம். ரெண்டு ஆப்ஷனைத் தள்ளிட்டா ஒன்றரை. படிச்ச பசங்கதான் இதுல அதிகமா விட்டுட்டு வர்றாங்க, அதுதான் தாங்க முடியலை.

பார்ட் ஏ-வுக்கு அப்புறமா திரும்பி வரலாம்னு நினைக்கிறது

முடியாது. 75 நிமிஷம் ஆச்சுன்னா அது மூடிடும். மாக் டெஸ்ட்டையும் அதே மாதிரி டைமர் வச்சு, நேரம் முடிஞ்சதும் பார்ட் ஏ-வை மூடிட்டு எழுதுங்க.