பழைய பிரெஞ்சு சவரக்கத்தி வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

பழைய பிரெஞ்சு சவரக்கத்தி கையில் கிடைத்ததும் எல்லாரும் முதலில் தேடுவது அலகை ஒட்டிய கழுத்தில் அடித்திருக்கும் முத்திரையை. தேடலாம், ஆனால் அங்கே இருக்கும் எழுத்தெல்லாம் செய்தவர் பெயர் இல்லை. 'ஆசியே ஃபோந்து' என்பது வார்ப்பு எஃகு, 'தெபோசே' என்பது பதிவு செய்த முத்திரை, அவ்வளவுதான். இவற்றைக் கம்பெனிப் பெயராக்கி விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'பாரிஸ் 1889' என்று பதக்கத்தோடு இருந்தால் கத்தியும் 1889 என்று நினைக்கவே தோன்றும். அது ஈஃபில் கோபுரம் எழுந்த அந்த உலகக் கண்காட்சியில் வாங்கிய பரிசுக்கான விளம்பரம். ஒருமுறை பதக்கம் வாங்கிவிட்டால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முந்தைய கத்தி இல்லை என்பது மட்டும்தான் தெரியும். 'பிரான்ஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது, அதனால் அந்தச் சொல் பெரும்பாலும் ஏற்றுமதியின் அடையாளம். உள்ளூரில் விற்றதற்கு அது தேவையில்லை, ஆகவே அது இல்லாததை வைத்து 1891க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. அப்புறம் 'பிரெஞ்சு பாயின்ட்' என்பது நுனியின் வடிவம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளிலும் அது உண்டு.

கைப்பிடியின் பாணியை வைத்துப் பட்டறையைச் சொல்வதும் சிரமம். பிரான்சின் ஓவர்ன் பகுதியில் இருக்கும் தியேர் ஊரில் அலகு அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி போடுபவர் என்று ஒரு கத்தி பல கை மாறும். துரோல் ஆற்றுத் தண்ணீரில் சுழலும் சாணைக்கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து, குளிருக்குக் காலின்மேல் நாயைப் படுக்கவைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் அந்தச் சாணைக்காரர்கள்! 1884இல் தொடங்கிய தியேர்-இஸ்ஸார் கம்பெனி இன்றும் அங்கே சவரக்கத்தி செய்கிறது.

பிடி தந்தம் என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம், பல சமயம் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்தான். சூடான ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால், செல்லுலாய்டானால் கற்பூர வாசனை வரும். நிஜத் தந்தமாகவே இருந்தாலும் இந்தியாவில் அதை வாங்குவதும் விற்பதும் சட்டவிரோதம், தொடவே வேண்டாம்.

பெரிய நஷ்டம் சுத்தம் செய்வதில்தான். பஃபிங் மெஷினில் காட்டினால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகிப் பதம் போய்விடும், அலகில் தங்கப்பூச்சு எழுத்து இருந்தால் அதுவும் அதோடு போச்சு. கறுத்த பழங்கறையை விட்டுவிடலாம். சிவப்புத் துரு விளிம்புக்குப் பக்கத்தில் குழி பறித்திருந்தால் அது தீட்ட உதவாது, காட்சிக்கு மட்டும்தான். வாங்கும்முன் அலகின் தடித்த முதுகைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்: கல்லில் தேய்ந்த பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் நூல் மாதிரியும் இருந்தால் யாரோ கோணலாகத் தீட்டியிருக்கிறார்கள். விளிம்பு நடுவில் உள்வாங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும்.

கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்தி கொண்ட பெட்டி என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெளியே எடுங்கள். முதுகில் 'லந்தி' (திங்கள்) முதல் 'திமான்ஷ்' (ஞாயிறு) வரை கிழமைப் பெயர் சரியாக இருக்கும், ஆனால் முத்திரையோ அலகின் அகலமோ ஒன்றில் மட்டும் மாறியிருக்கலாம். அப்படியென்றால் அது பிறகு சேர்த்தது, முழு செட் விலை கொடுக்காதீர்கள்.